கருவுற்ற தாய்மாருக்கான கொரோனா தடுப்பூசியும் தாய் சேய் நலமும்: இருக்கன்குடி வட்டாரத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

இந்தியாவில் கொரோனா தடுப்பூசித் திட்டம் 2021 ஜனவரி 16 அன்று தொடங்கியபோது கருவுற்ற பெண்கள் அதிலிருந்து விலக்கப்பட்டனர். அவர்களுக்கான அனுமதி ஜூலை 2 அன்றுதான் வந்தது. இடைப்பட்ட ஐந்தரை மாதங்களில் இரண்டாம் அலை வந்து உச்சம் தொட்டுத் தணிந்தது. இவ்விலக்கம் எதனால் நேர்ந்தது, தொற்று தாயையும் கருவையும் எவ்வாறு தாக்குகிறது, தாய் பெறும் தடுப்பூசி சேயை எவ்வழியில் காக்கிறது, இரு தவணைகளுக்கு இடையிலான கால அளவு பேறுகாலக் கணக்கோடு எங்ஙனம் முரண்பட்டது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. விருதுநகர் மாவட்டப் பட்டாசுத் தொழில் வட்டாரத்தில் எழுந்த தயக்கத்திற்கு மக்களின் நம்பிக்கைகளைக் காரணமாக்கும் பொதுக்கருத்து பொருந்தாது என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: கொரோனா தடுப்பூசி, கருவுற்ற பெண்கள், நஞ்சுக்கொடி, தாய் சேய் நலம், இருக்கன்குடி, விருதுநகர் மாவட்டம், அம்மை

முன்னுரை

சாத்தூருக்குக் கிழக்கே அர்ச்சுனா நதியும் வைப்பாறும் அணைத்துச் செல்லும் மேட்டில் அமைந்த ஊர் இருக்கன்குடி. இரு கங்கைகள் சூழ்ந்த குடி என்பதே இப்பெயராயிற்று என்று ஊரார் விளக்கம் சொல்வர். இங்குள்ள மாரியம்மன் கோயிலுக்கு ஆடி மாதக் கடைசி வெள்ளியன்று தென்மாவட்டங்கள் பலவற்றிலிருந்தும் மக்கள் நடைப்பயணமாக வந்து சேர்வர். அம்மை கண்டு மீண்டவர், கண்நோய் உற்றவர், பிள்ளை வரம் வேண்டுபவர் எனப் பலதிறத்தாரும் நேர்த்திக்கடன் செலுத்துவர். 2021ஆம் ஆண்டில் அந்த வெள்ளி ஆகஸ்டு 13ஆம் நாளாக அமைந்தது. வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய மூன்று நாட்களிலும் வழிபாட்டிடங்களுக்குப் பொதுமக்கள் செல்லக்கூடாது என்னும் அரசின் கட்டுப்பாடு அப்போது மாநிலம் முழுவதும் நடப்பில் இருந்தது.

நோயைத் தருபவளும் தீர்ப்பவளுமாகிய தெய்வத்தின் வாசல் நோய் காரணமாகவே மூடப்பட்ட அந்த ஆடியில், இவ்வட்டாரத்துக் கருவுற்ற பெண்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம் என்ற அனுமதி வந்து ஆறு வாரங்களே ஆகியிருந்தன. ‘வாயும் வயிறுமாக இருக்கிறவளுக்கு எதற்கு இந்த ஊசி’ என்ற வினாவை அறியாமையின் வெளிப்பாடு என ஒதுக்குவது எளிது. ஆனால் அதே வினாவுக்கு அரசின் அறிவிப்பும் ஐந்தரை மாதக் காலம் ‘வேண்டாம்’ என்றே விடையளித்து வந்தது என்பதை மறந்துவிடலாகாது.

அம்மை குத்துதல் என்னும் சொல்

தென்மாவட்டங்களில் முதியோர் தடுப்பூசி என்னும் சொல்லை அதிகம் பயன்படுத்துவதில்லை. ‘அம்மை குத்துதல்’ என்பதே அவர்களின் வழக்கு. பெரியம்மைத் தடுப்பு முறை 1802இல் இந்தியாவிற்கு வந்தது. அதே காலத்தில் சென்னை மாகாணத்திலும் அது அறிமுகமாயிற்று. இந்தியாவில் பெரியம்மை கடைசியாகப் பதிவான ஆண்டு 1975. ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுக்காலம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிய அதே ஊர்களில்தான் அம்மை குத்துபவர்களும் நடமாடினர். எதிர்ப்பு இருந்தது, ஒளிதல் இருந்தது, பின்னர் ஏற்பும் வந்தது. தோளில் தழும்பு உள்ள பாட்டிமார் வேப்பிலை கட்டுவதை விட்டுவிடவில்லை. வேப்பிலை கட்டியதால் பேரப்பிள்ளைகளுக்கு ஊசி போடாமல் விட்டதும் இல்லை. வழிபாட்டையும் மருத்துவத்தையும் எதிரெதிர் நிலைகளாக வைத்துப் பார்ப்பது ஆய்வாளர்தம் வசதிக்காகச் செய்துகொண்ட பாகுபாடு எனலாம்.

கருவுற்ற காலத்தில் ஊசி என்பதும் இம்மக்களுக்குப் புதிதன்று. இரணஜன்னித் தடுப்பூசியைக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் போட்டுக்கொள்ளாத கருவுற்ற பெண்ணைத் தமிழகச் சிற்றூர்களில் காண்பது அரிது. அது தாய்க்கு மட்டுமன்றித் தொப்புள்கொடி அறுபடும் சேய்க்கும் சேர்த்துப் போடப்படுவதே. தாய்க்கும் பச்சிளங்குழந்தைக்கும் வரும் இரணஜன்னி இந்தியாவில் ஒழிக்கப்பட்ட நிலையை எட்டிவிட்டது என 2015இல் உலக நலவாழ்வு நிறுவனம் உறுதிப்படுத்தியதற்கு இவ்வூசியும் மருத்துவமனைப் பேறுமே முதன்மைக் காரணங்கள். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி தமிழகத்தில் 99.6 விழுக்காட்டுப் பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தன. ஆகவே ஊசியின்மீது பொதுவான அச்சமோ மருத்துவத்திலிருந்து விலகலோ இங்கு இருந்ததாகச் சொல்ல இயலாது. கொரோனா ஊசிக்கு மட்டும் நேர்ந்த தயக்கத்தின் வேர் வேறிடத்தில் உள்ளது.

விலக்கப்பட்ட ஐந்தரை மாதங்கள்

புதிய மருந்துகளுக்கான சோதனைகளில் கருவுற்ற பெண்களைச் சேர்ப்பதில்லை என்னும் மரபு 1960களின் தொடக்கத்தில் தாலிடோமைடு மருந்தால் உறுப்புக் குறைபாட்டோடு குழந்தைகள் பிறந்த பேரிடருக்குப்பின் வலுப்பெற்றது. காக்கும் நோக்கில் எழுந்த மரபு அது. அதன் மறுவிளைவு யாதெனில், பெருந்தொற்று வரும்போது கருவுற்றோருக்கு உதவும் சான்று எவரிடமும் இராது. கொரோனா தடுப்பூசிகளின் தொடக்கச் சோதனைகளிலும் அவர்கள் சேர்க்கப்படவில்லை. சான்று இல்லை என்பதால் ஊசி இல்லை; ஊசி இல்லை என்பதால் சான்றும் இல்லை.

இந்தச் சுழலை நாடுகள் வெவ்வேறு வகையில் கையாண்டன. அமெரிக்காவில் 2020 டிசம்பரிலேயே கருவுற்ற பெண்கள் விரும்பினால் போட்டுக்கொள்ளலாம் என்ற நிலை இருந்தது. அவ்வாறு போட்டுக்கொண்ட 35,691 பேரிடமிருந்து திரட்டிய முதற்கட்டத் தரவு 2021 ஏப்ரலில் வெளிவந்தது. அதில் கவலைக்குரிய அறிகுறி எதுவும் தென்படவில்லை. அதே ஏப்ரல் 16 அன்று பிரித்தானியா தன் அறிவுரையை மாற்றிக்கொண்டு, ஆர்.என்.ஏ. வகை ஊசிகளைக் கருவுற்றோருக்கு வழங்கலாம் என்றது. இந்திய மகப்பேறு மருத்துவச் சங்கங்களின் கூட்டமைப்பும் ஏப்ரல் இறுதியில் கருவுற்றோருக்குத் தடுப்பூசி வேண்டும் என்று அறிக்கை விடுத்தது. பாலூட்டும் தாய்மாருக்கு மே 19 அன்றும், கருவுற்றோருக்கு ஜூலை 2 அன்றும் நடுவண் அரசின் அனுமதி கிடைத்தது.

இதற்கிடையே நேர்ந்தவற்றை நாட்களாக எண்ணிப் பார்த்தல் தகும். தமிழகத்தில் ஒருநாள் தொற்று 36,184 என்னும் உச்சத்தை 2021 மே 21 அன்று எட்டியது. 2020 அக்டோபர் 1 அன்று கடைசி மாதவிலக்கு கண்ட ஒரு பெண்ணை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். உச்ச நாளில் அவளுக்கு 33 வாரம் நிறைந்திருக்கும். பேறுகால நாள் ஜூலை 8. அனுமதி வந்தபோது அவளுக்குப் பிரசவத்திற்கு ஆறே நாட்கள். அவளுடைய கருக்காலத்தில் மிகுந்த இடருக்குரிய பகுதி முழுவதும் விலக்கத்துக்குள் கழிந்துவிட்டது. மதுரையில் கருவுற்ற அரசு மருத்துவர் ஒருவர் அந்த மே மாதத்தில் தொற்றால் உயிரிழந்த செய்தி பலர் நினைவில் இருக்கும். முன்களப் பணியாளர் என்ற வகையில் முதல் வரிசையில் ஊசி பெறத்தக்கவர். கருவுற்றவர் என்ற வகையில் பெற இயலாதவர். எச்சரிக்கை என்ற பெயரில் எடுக்கப்படும் முடிவும் ஒரு செயலே, அதற்கும் விளைவு உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

தொற்று தாய்க்கும் கருவுக்கும் செய்வது

கருவுற்ற பெண்ணுக்குத் தொற்று எளிதில் பற்றுகிறது என்று சொல்வதைவிட, பற்றியபின் கடுமையாகிறது என்பதே சரி. கருக்காலத்தில் உடலின் உயிர்வளித் தேவை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. வளரும் கருப்பை உதரவிதானத்தை மேலே தள்ளுவதால் நுரையீரலில் எஞ்சி நிற்கும் காற்றின் அளவும் ஏறத்தாழ அதே அளவு குறைகிறது. தேவை மிகுந்து இருப்பு குறைந்த இந்நிலையில் நிமோனியா வந்தால் தாக்குப்பிடிக்கும் இடைவெளி சிறிது. இரத்தம் உறையும் தன்மை கருக்காலத்தில் இயல்பாகவே கூடியிருப்பது மற்றொன்று. தமிழகத்தில் கருவுற்ற பெண்களுள் 48.3 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையோர் என்று மேற்சுட்டிய குடும்பநல ஆய்வு காட்டுகிறது. உயிர்வளியைச் சுமக்கும் குருதியே குறைந்திருக்கும் உடலில் இச்சுமை எத்தகையது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மகாராட்டிரத்தில் நடத்திய பதிவேட்டின் தரவு 2021 ஜூனில் வெளியிடப்பட்டது. கருவுற்றோரும் பிரசவித்தோருமாக 1,530 பேரில் முதல் அலையைச் சேர்ந்தோர் 1,143 பேர், இரண்டாம் அலையைச் சேர்ந்தோர் 387 பேர். அறிகுறி கண்டோர் 14.2 விழுக்காட்டிலிருந்து 28.7 விழுக்காடாகவும், இறப்பு 0.7 விழுக்காட்டிலிருந்து 5.7 விழுக்காடாகவும் உயர்ந்தன. இவை மருத்துவமனைக்கு வந்தோரின் கணக்கு ஆதலால் பொது மக்கள்தொகைக்கு அப்படியே பொருத்தலாகாது. எனினும் இரு அலைகளையும் ஒரே அளவுகோலால் அளந்தவை என்பதால் ஒப்பீடு பொருளுடையது. பதினெட்டு நாடுகளில் நடந்த மற்றோர் ஆய்வு, தொற்றுற்ற கருவுற்றோருக்கு இறப்பு வாய்ப்பு 22 மடங்கு மிகுதி என்றது. இறப்புகளின் எண்ணிக்கை சிறிது என்பதால் இந்த மடங்கின் துல்லியம் ஐயத்துக்குரியது. நாளிதழ்கள் அதனைத் தலைப்பாக்கியபோது இக்குறிப்பைச் சேர்க்கவில்லை. அதே ஆய்வில் குறைப்பிரசவமும் கருக்கால இரத்த அழுத்தக் கோளாறும் மிகுந்திருந்தமை பிற ஆய்வுகளாலும் உறுதிப்பட்டுள்ளது.

கருவைப் பொறுத்தவரை, கிருமி சேயை நேரடியாகத் தொற்றுவது அரிது. இடர் நஞ்சுக்கொடி வழியாக வருகிறது. சிலரிடத்தில் நஞ்சுக்கொடியின் திசுக்கள் அழிந்து, உறைபுரதம் படிந்து, உயிர்வளி கடக்க இடமின்றிப் போகிறது. பன்னிரண்டு நாடுகளிலிருந்து 2022இல் தொகுக்கப்பட்ட 68 நேர்வுகளில் 64 சேய்கள் இறந்தே பிறந்தன. நால்வர் பிறந்தபின் இறந்தனர். அந்நஞ்சுக்கொடிகளில் சராசரியாக முக்கால் பங்குக்கு மேல் சிதைந்திருந்தது. அத்தாய்மாருள் ஒருவரும் தடுப்பூசி பெற்றவர் அல்லர்.

தாய்வழி வரும் காப்பு

தாயின் குருதியிலுள்ள எதிர்ப்புப் பொருட்களுள் ஐ.ஜி.ஜி. வகை மட்டுமே நஞ்சுக்கொடியைக் கடக்கும். அது கசிந்து செல்வதில்லை. நஞ்சுக்கொடியின் புறப்படலத்திலுள்ள ஓர் ஏற்பி அதனைப் பற்றிச் சேயின் பக்கம் கொண்டுசென்று விடுகிறது. இக்கடத்தல் நான்காம் மாதத்தை ஒட்டித் தொடங்கி, கடைசி மூன்று மாதங்களில் விரைவுபெற்று, நிறைமாதத்தில் சேயின் குருதியில் தாயினுடையதைவிட மிகுந்த அளவிலும் காணப்படும். குறைமாதக் குழந்தை இக்கொடையின் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. தாய்ப்பால் வேறு வகை எதிர்ப்புப் பொருளை வழங்குகிறது. அது குழந்தையின் வாய், தொண்டை, குடல் ஆகியவற்றின் படலத்தில் தங்கிக் காப்பது. ஊசி போட்டுக்கொண்டால் பால் கெடும் என்ற அச்சத்தால் பாலூட்டலை நிறுத்துவது இருவகைக் காப்பில் ஒன்றைத் தானே அறுத்துக்கொள்வதாகும்.

ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைகளுக்கு எந்தக் கொரோனா தடுப்பூசியும் இல்லை. ஆகவே அவர்களுக்குத் தாயின் வழியே வருவதுதான் காப்பு. அமெரிக்கக் குழந்தைகள் மருத்துவமனைகளில் 379 சேய்களை வைத்துச் செய்த ஆய்வு 2022 பிப்ரவரியில் வெளிவந்தது. தாய் இரு தவணை பெற்றிருந்தால் ஆறு மாதத்திற்குட்பட்ட சேய் தொற்றால் மருத்துவமனையில் சேர்வது 61 விழுக்காடு தவிர்க்கப்பட்டது. கருக்காலத்தின் 20ஆம் வாரத்திற்குப்பின் பெற்றிருந்தால் 69, அதற்குமுன் பெற்றிருந்தால் 32 என மதிப்பிடப்பட்டது. பின்னர் விரிந்த தரவில் டெல்டா காலத்தில் 80 விழுக்காடாகவும் ஒமிக்ரான் காலத்தில் 38 விழுக்காடாகவும் இக்காப்பு அமைந்தது. கிருமி மாறுந்தோறும் காப்பு தேய்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

தாய்மாரைப் பொறுத்தவரை ஸ்காட்லாந்தின் நாடளாவிய பதிவேடு கூறுவது தெளிவானது. தொற்றுற்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட கருவுற்றோரில் 90.9 விழுக்காட்டினரும், தீவிரச் சிகிச்சை பெற்றோரில் 98 விழுக்காட்டினரும் தொற்றிய நேரத்தில் தடுப்பூசி பெறாதவர்கள். தொற்றின் 28 நாட்களுக்குள் நிகழ்ந்த பிரசவங்களில் சேய் இறப்பு ஆயிரத்திற்கு 22.6. அவ்விறப்புகள் யாவும் ஊசி பெறாத தாய்மாரிடத்தே நிகழ்ந்தன. ஊசியால் கருச்சிதைவு கூடுகிறதா என்ற வினாவை நார்வேயின் பதிவேடு ஆராய்ந்து, இல்லை எனக் கண்டது. மாதவிலக்குச் சுழற்சி ஒரு நாளுக்கும் குறைவாகத் தள்ளிப்போவது உண்டு; அது தானே சரியாகிவிடுகிறது. பெண்கள் இதனை முதலில் சொன்னபோது மருத்துவ உலகம் செவிமடுக்கவில்லை. ‘ஊசி போட்டால் பிள்ளை தங்காது’ என்ற வதந்தி இந்தப் புறக்கணிப்பில்தான் ஊன்றிக்கொண்டது என்பது என் கருத்து.

நம் கையில் இருந்த ஊசிகள்

மேற்கண்ட சான்றுகளுள் பெரும்பாலானவை ஆர்.என்.ஏ. வகை ஊசிகளைப் பற்றியவை. விருதுநகர் மாவட்டத்துப் பெண்ணுக்குக் கிடைத்தவையோ கோவிஷீல்டும் கோவாக்சினும். முன்னது பெருக்கமடையாதவாறு மாற்றப்பட்ட சிம்பன்சி அடினோவைரசைக் கொண்டது. பின்னது செயலிழக்கச் செய்யப்பட்ட முழுக் கிருமி. இரண்டும் உயிருள்ள கிருமி ஊசிகள் அல்ல என்பதால், மணல்வாரித் தடுப்பூசிக்குக் கருக்காலத்தில் உள்ள தடை இவற்றுக்குப் பொருந்தாது. ஆயினும் அடினோவைரசு வகை ஊசியால் மிக அரிதாக இரத்த உறைவுக் கோளாறு நேரலாம். 2021 மே மாதத்தில் கருவுற்ற பெண்ணொருவரின் இறப்பை அடுத்துப் பிரேசில் அவ்வூசியைக் கருவுற்றோருக்கு நிறுத்தி வைத்தது. வேறு ஊசிகள் கையில் இருந்த நாடு அது. இந்திய வழிகாட்டுதல் இவ்வாய்ப்பை ஒரு லட்சம் முதல் ஐந்து லட்சம் பேருக்கு ஒருவர் எனக் குறிப்பிட்டு, 20 நாட்கள் வரை கவனிக்க வேண்டிய அறிகுறிகளையும் பட்டியலிட்டு, முடிவைப் பெண்ணிடம் விட்டது. டெல்டா பரவிய காலத்தின் இடரோடு நிறுத்துப் பார்த்தால் இம்முடிவு சரியானதே. அந்த நிறுவையைச் செய்து காட்டும் பொறுப்பு கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவரின் தலையில் விழுந்தது என்பதுதான் சிக்கல்.

இனி, அதிகம் பேசப்படாத கால இடைவெளிக்கு வருவோம். கோவிஷீல்டின் இரு தவணைகளுக்கு இடையிலான காலம் 2021 மே 13 அன்று 12 முதல் 16 வாரங்களாக நீட்டிக்கப்பட்டது. கோவாக்சினுக்கு 28 நாட்கள் போதும். 2021 ஜனவரி 1 அன்று கடைசி மாதவிலக்கு கண்டவள் ஜூலை 2 அன்று சரியாக 26 வாரம் நிறைந்தவள்; பேறுகால நாள் அக்டோபர் 8. அனுமதி வந்த அன்றே கோவிஷீல்டு போட்டுக்கொண்டாலும் அவளுக்கு இரண்டாம் தவணை மிக முன்னதாகச் செப்டம்பர் 24 அன்றுதான் கிடைக்கும். அப்போது அவளுக்கு 38 வாரம். ஊசியின் பயனாக எதிர்ப்புப் பொருள் பெருக இரண்டு வாரம் வேண்டும். அது சேய்க்குக் கடக்க மேலும் காலம் வேண்டும். இரண்டாம் தவணையின் பயன் சேயை அடையுமுன் பிரசவம் நிகழ்ந்துவிடும். கோவாக்சின் என்றால் ஜூலை 30 அன்று, 30ஆம் வாரத்திலேயே இரு தவணையும் முடிந்திருக்கும். நடுவயது ஆணுக்கு நன்மை தந்த இடைவெளி கருவுற்ற பெண்ணுக்குப் பாதகமாயிற்று. இருப்பில் எது உள்ளதோ அதுவே போடப்பட்ட முகாம்களில் இக்கணக்கைச் சொல்லித் தெரிவுசெய்யும் வாய்ப்பு இருந்திருக்க இயலாது.

இதனோடு தாய்வீட்டு வழக்கமும் சேர்கிறது. தலைப்பிள்ளைக்கு ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பிட்டுப் பிறந்தவீட்டுக்கு அழைத்துச் செல்வது இங்குப் பெருவழக்கு. சிவகாசிப் பக்கம் முதல் தவணை பெற்றவள் இரண்டாம் தவணைக்குரிய நாளில் இருக்கன்குடியிலோ எட்டயபுரத்திலோ கோவில்பட்டியிலோ இருப்பாள். பதிவு செய்த கைப்பேசியோ கணவனிடம். பேறுகாலப் பதிவு எண்ணும் மகப்பேற்று நிதியுதவியும் ஊர் மாறினாலும் தாயைத் தொடர்ந்து செல்லும்படி வகுக்கப்பட்டவை. தடுப்பூசிப் பதிவு அவ்வமைப்போடு தொடக்கம் முதலே இணைக்கப்பட்டிருந்தால் இச்சிக்கல் பெரிதும் தணிந்திருக்கும்.

கூலியும் காய்ச்சலும்

சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டைப் பகுதிகளின் பட்டாசு ஆலைகளிலும் ‘தீப்பெட்டி ஆபீஸ்’ என மக்கள் வழங்கும் தொழிற்கூடங்களிலும் பெண்களே பெருமளவில் வேலை செய்கின்றனர். உருப்படிக் கணக்கில் கூலி. 2021இல் தீபாவளி நவம்பர் 4. அனுமதி வந்த ஜூலையும் அதனைத் தொடர்ந்த மாதங்களும் ஊரடங்கில் இழந்ததை ஈடுகட்ட வேண்டிய வேலைக்காலம். ஊசி போட்ட மறுநாள் காய்ச்சலும் உடல்வலியும் வருவது இயல்பு என்பது நகரத்து ஊழியருக்கு ஆறுதல் மொழி. உருப்படிக் கூலிக்காரிக்கு அது இரண்டு நாள் வருமான இழப்பு. ஈட்டுறுதிக் காப்பு உள்ள ஆலைகளில் மகப்பேற்று விடுப்பு 26 வாரம் என்று சட்டம் சொல்கிறது. பதிவேட்டுக்கு வெளியே வீட்டிலிருந்து செய்யும் வேலைக்கு அது எட்டாது. தயக்கம் எனப் பதிவானவற்றுள் எத்தனை உண்மையில் கூலிக்கணக்கு என்பது ஆராயத்தக்கது. செப்டம்பர் 12 முதல் தமிழக அரசு நடத்திய மாபெரும் முகாம்கள் ஞாயிற்றுக்கிழமையில் தொடங்கியது இவ்வகையில் பயனுடைய ஏற்பாடு.

நடிகர் விவேக் 2021 ஏப்ரலில் ஊசி போட்டுக்கொண்டு இரு நாட்களில் மறைந்தது தமிழகமெங்கும் அச்சத்தைக் கிளப்பியது. அவ்விறப்புக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்ற ஆய்வு முடிவு அக்டோபரில் வந்தது. ஆறு மாத இடைவெளியில் வந்த மறுப்பை யார் படித்திருப்பர்?

மேலாய்வுக்குரியவை

கோவிஷீல்டு, கோவாக்சின் பெற்ற கருவுற்ற தாய்மாரின் பேற்று விளைவுகளைப் பற்றிப் பெரிய அளவிலான இந்தியத் தரவு இன்றும் தேவைப்படுகிறது. அதற்கான மூலங்கள் தமிழகத்தில் உள்ளன. ஒவ்வொரு கருவுற்ற பெண்ணுக்கும் பேறுகாலப் பதிவு எண் உண்டு. பிறப்பு எடை, பிரசவ வாரம், இறந்து பிறத்தல் ஆகியவை மருத்துவமனைகளில் பதிவாகின்றன. தடுப்பூசியின் பெயரும் நாளும் சான்றிதழில் உள்ளன. விருதுநகர், சிவகாசி என இரு சுகாதார மாவட்டங்களாகச் செயற்படுவதும், 2022 ஜனவரி 12 முதல் அரசு மருத்துவக் கல்லூரியைப் பெற்றிருப்பதுமான இம்மாவட்டம் அத்தகைய இணைப்பாய்வுக்கு ஏற்ற களம். 2021 ஜூலைக்கு முன்னும் பின்னும் பிரசவித்தோரை ஒப்பிட்டால் விலக்கத்தின் விலை என்ன என்பதும் ஓரளவு வெளிப்படும். தனியுரிமையைக் காத்துக்கொண்டே இதனைச் செய்ய இயலும். நச்சு இருமலுக்கும் சுவாசக் கூட்டிணைவுத் தீநுண்மிக்கும் கருக்காலத் தடுப்பூசிகள் பிற நாடுகளில் வழங்கப்பட்டு வருகின்றன. அவை இருக்கன்குடிக்கு வரும் நாளில் ‘பிள்ளைத்தாய்ச்சிக்கு இது ஆகுமா’ என்று ஒரு பெண் கேட்டால், செவிலியர் கையில் இம்மாவட்டத்துத் தாய்மாரின் கணக்கே விடையாக இருக்க வேண்டும்.